உரிக்கிற ரூம்

தனக்கோடியின் உடம்பில் உப்பு ஒட்டியிருக்கிறது என்று மேனேஜர் கார்த்திகேசன் சார் சொன்னபோது ஷிஃப்ட் தொடங்க இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். மரக்காணத்திலிருந்து கம்பெனி வேனில் வந்து இறங்கிய ஏழு பெண்களையும் கேட்டுக்குள் வரிசையாக நிறுத்தி, செக்யூரிட்டி கேட்க, டிரைவர் கேட்க, திண்டிவனத்துப் பெண்கள் கேட்கச் சொன்னார்.

"உப்பளத்து வீட்டுலேருந்து வர்றவங்க யாரும் இன்னையிலேருந்து உள்ள போக வேணாம். குழாயில வெள்ளையா துகள் வருது. ரெண்டு மாசமா வருது. உங்க தலையில, நகத்துல, துணியில எல்லாம் உப்பு. குளிச்சா மட்டும் போயிடுமா அது?"

"தினம் ரெண்டு வாட்டி குளிக்கறோம் சார்," என்றாள் திரௌபதி. அவள் தனக்கோடியின் நாத்தனார். வாய் கொஞ்சம் நீளம்.

"வேலைய விட்டுப் போன்னு நான் சொல்லல. மாசக் கடைசி வரைக்கும் பழைய அட்டைக் கொட்டகையில இருங்க. அப்புறம் பாக்கலாம்."

அப்புறம் பாக்கலாம் என்றால் என்ன என்று ஏழு பேருக்கும் தெரியும். மாசக் கடைசிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அதற்குப் பிறகு மழை வந்துவிடும், உப்பளத்தில் பாத்தியெல்லாம் ஏரியாகிவிடும், ஆம்பிளைகள் வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். அந்த மூன்று மாதம் அடுப்பு எரிவது இந்தப் பெண்களின் சம்பளத்தில்தான்.

கம்பெனி கிளியனூர் தாண்டி ரோட்டு மேலேயே இருந்தது. ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றுகிறார்களே, அந்தக் குழாய்களை அங்கே செய்தார்கள். குழாயும் அதன் நுனியில் மாட்டும் சின்னச் சின்ன பிளாஸ்டிக் சாமான்களும் வேறு ஊர்களிலிருந்து அட்டைப்பெட்டியில் வரும். பெட்டிக்குள் ஒரு பாலிதீன் கவர், அதற்குள் இன்னொரு கவர், அதற்குள் சாமான். அட்டையில் கத்தியை வைத்தாலே பொடி பறக்கும் என்பதால் பெட்டி தரையில் போட்டிருக்கும் மஞ்சள் கோட்டைத் தாண்டக் கூடாது. கோட்டுக்கு இந்தப் பக்கமே பெட்டியைப் பிரித்து, வெளிக்கவரை ஸ்பிரிட்டால் துடைத்து, சுவரில் பதித்திருக்கும் எவர்சில்வர் அலமாரிக்குள் வைக்க வேண்டும். அதற்கு இரண்டு பக்கமும் கதவு. இந்தக் கதவை மூடினால்தான் அந்தக் கதவு திறக்கும். அந்தப் பக்கம் கிளீன் ரூமில் கண் மட்டும் தெரிய நிற்பவர்கள் வெளிக்கவரைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்கவரை மட்டும் எடுத்துக்கொண்டு போவார்கள். பெட்டி பிரிக்கும் அறைக்குக் கம்பெனி வைத்த இங்கிலீஷ் பேர் யார் வாயிலும் நுழையவில்லை. தனக்கோடிதான் அதை உரிக்கிற ரூம் என்றாள். மேனேஜர் வரைக்கும் அந்தப் பேரே நின்றுவிட்டது.

நாலு வருஷமாக உரிக்கிற ரூமுக்கு அவள்தான் பெரிய ஆள். திரௌபதி உள்ளே, கிளீன் ரூமில். தனக்கோடி இந்தக் கதவில் வைப்பதை திரௌபதி அந்தக் கதவில் எடுப்பாள். வீட்டில் ஒரே சட்டிக்கு நாலு சண்டை போடுகிற அண்ணியும் நாத்தனாரும் அந்தச் சுவருக்கு இரண்டு பக்கமும் நின்று நாலு வருஷமாக ஒரு வார்த்தை பேசாமல் வேலை செய்தார்கள். பேச முடியாது, சுவரில் பதித்த கண்ணாடி தடிமன்.

அன்றைக்கு முழுக்க ஏழு பேரும் பழைய அட்டைக் கொட்டகையில் உட்கார்ந்து, பிரித்த பெட்டிகளைத் தட்டையாக்கிக் கட்டினார்கள். கொட்டகைக்கு மேலே தகரம். வெயில் தகரத்துக்கு மேலே, மனுஷர்கள் கீழே, நடுவில் ஒன்றுமில்லை.

மறுநாள் விடியும்போதே தனக்கோடியும் திரௌபதியும் உப்பளத்தில் இருந்தார்கள். வேன் ஏழு மணிக்கு. அதற்குள் ஒன்றரை மணி நேரம் தனக்கோடியின் புருஷன் கலியபெருமாளுக்குக் கை கொடுப்பது வழக்கம். அவன் முழங்கால் வரை உப்புத்தண்ணியில் நின்று வாரு பலகையால் உப்பை இழுத்து வரப்போரம் சேர்த்தான். பெண்கள் கூடையில் அள்ளி மேட்டில் கொட்டினார்கள். கழுவெளி ஏரிப் பக்கமிருந்து காற்று சேற்று வாடையோடு வந்தது. கிழக்கே கடலுக்கு மேல் மேகம் சும்மா ஒரு கோடு போட்டிருந்தது. மழைக்கு முன்னால் எவ்வளவு எடுக்க முடியுமோ அவ்வளவு எடுக்க வேண்டும் என்று பாத்திக்குப் பாத்தி ஆட்கள்.

"உப்புத்தான் நமக்குச் சோறு போடுது. அதையே காரணம் காட்டி வெளிய நிறுத்திட்டான் பாரு," என்றான் கலியபெருமாள். நேற்று ராத்திரி சோற்றில் கை வைத்ததிலிருந்து இதையே நாலாவது தடவை சொல்கிறான்.

"அவன் கண்ணால பாத்தானாண்ணா? மைக்ரோஸ்கோப்புல வெள்ளையா தெரியுதாம். வெள்ளையா இருந்தா உப்பாயிடுமா?" என்றாள் திரௌபதி. "நான்தான மாசா மாசம் லேப்புக்கு சாம்பிள் எடுத்துகினு போறேன். அந்தக் குழாயில சுத்தத் தண்ணிய விட்டு அலசுவாங்க. அலசின தண்ணிய கறுப்பா வட்டமா ஒரு தாள் மாதிரி இருக்கும், அதுல வடிகட்டுவாங்க. தாள்ல நிக்கறத வச்சு எண்ணுவாங்க."

தனக்கோடி கூடையைத் தூக்கினவள் பாதியில் நின்றாள்.

"இன்னா சொன்ன? தண்ணியிலயா அலசறாங்க?"

"தண்ணியிலதான். பின்ன இன்னா சாராயத்துலயா?"

"ஏண்டி, தண்ணியில அலசினா உப்பு தாள்ல நிக்குமா?"

திரௌபதி வாயைத் திறந்தவள் மூடவில்லை. கலியபெருமாள் வாரு பலகையை ஊன்றிக்கொண்டு தங்கச்சியைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். பக்கத்துப் பாத்தியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தான். பிறந்ததிலிருந்து தண்ணியில் உப்பு கரைவதையும் வெயிலில் தண்ணி உப்பாவதையும் பார்த்துக்கொண்டே இருக்கிற ஜனம் அது. கோட்டு போட்டுப் படித்தவர்கள் வடிகட்டின தாளில் உப்பைக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்றால் சிரிக்காமல் என்ன செய்வது.

"போய்ச் சொல்லுடி தனம். இப்பவே போய் அந்தாளு மூஞ்சிக்கு நேரா சொல்லு."

"சொல்றேன். ஆனா அது உப்பு இல்லன்னா வேற இன்னாவோ ஒண்ணுதான. அது இன்னான்னு கேப்பான். அதுக்கும் பதில் வேணும்," என்றாள் தனக்கோடி.

பதில் பழைய அட்டைக் கொட்டகையிலேயே கிடந்தது. அவளை அங்கே அனுப்பியிருக்காவிட்டால் அது அவள் கண்ணில் பட்டே இருக்காது. உரிக்கிற ரூமில் இருக்கும்வரை பெட்டியும் கவரும் அவள் கையைவிட்டுப் போனதும் அவை என்ன ஆகின்றன என்று அவளுக்குத் தெரியாது. இங்கே எல்லாம் மொத்தமாக வந்து விழுந்தன. வெட்டின பெட்டிகள் ஒரு பக்கம். உள்ளே கழற்றிப் போட்ட வெளிக்கவர்கள் கோணிப்பையில் அடைத்து இன்னொரு பக்கம்.

மத்தியானம் கூழும் சுட்ட நெத்திலிக் கருவாடுமாகச் சாப்பிட்டு முடித்துக் கை கழுவின பிறகு, கோணியிலிருந்து ஒரு கவரை உருவி வெயிலில் விரித்தாள். சும்மா பார்க்கத்தான். பளபளவென்று இருக்க வேண்டிய பாலிதீனில் அடிப்பக்கம் மட்டும் மங்கலாக, வெள்ளையும் பழுப்புமாக ஏதோ படிந்திருந்தது. நகத்தால் சுரண்டினாள். மெல்லிசாக ஏடு ஏடாக உரிந்து காற்றில் பறந்தது.

"திரௌபதி, இங்க வா. இத நாம துடைச்சுத்தான உள்ள அனுப்பினோம்?"

"நீதான் துடைச்ச. நான் எங்க துடைச்சேன்? எனக்கு வரும்போது பளிச்னு இருந்துது அண்ணி. சத்தியமா."

"பளிச்னு இருந்துதா, ஈரமா இருந்துதா?"

"ஸ்பிரிட்டு ஈரம் இருக்கும்தான். நீ துடைச்ச கையோட வைக்கற, நான் எடுக்கறேன்."

தனக்கோடி இன்னும் பத்துக் கவரை உருவிப் போட்டாள். எல்லாவற்றிலும் இல்லை. மூன்றில் ஒன்றில் இருந்தது, அதுவும் அடிப்பக்கம் மட்டும். பிறகு பெட்டிகளைப் புரட்டினாள். சில பெட்டிகளுக்கு அடி அட்டையில் உள்பக்கத் தாளே இல்லை, ஊறி உப்பி, உரித்தெடுத்த மாதிரி இருந்தது. ஈரமாகியிருக்கிறது. ஊறின அட்டை கூழாகி கவரில் ஒட்டியிருக்கிறது. ஸ்பிரிட் பட்டதும் ஈரத்தில் கண்ணுக்குத் தெரியாமல் படிந்துகொண்டு, அந்தப் பக்கம் போய்க் காய்ந்து, கவரைக் கழற்றும்போது பொடியாக உதிர்ந்திருக்கிறது. உள்கவரின் மேலும் கையுறையின் மேலும் விழுந்தால் அங்கிருந்து குழாய்க்குப் போக எவ்வளவு நேரம்?

ஈரத்தில் ஒன்றும் தெரியாது, காய்ந்தால்தான் தெரியும். பாத்தியில் தண்ணி நிற்கும்போது உப்பு எங்கே இருக்கிறது என்று யாரும் காட்ட முடியாது. இதைக்கூட யோசிக்காமல் நாலு வருஷம் துடைத்திருக்கிறோமே என்று அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

ஆனால் நாலு வருஷமாக வராத துகள் இரண்டு மாசமாகத்தானே வருகிறது? பெட்டி எங்கே நனைந்தது? ஆடியிலிருந்து ஒரு சொட்டு மழை இல்லை.

கையிலிருந்த கவரை அப்படியே மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஆடியில்தான் கம்பெனிக்கு முன்னால் ரோட்டை அகலப்படுத்தத் தோண்டிப் போட்டார்கள். லாரி உள்ளே வரும்போதெல்லாம் புழுதி மேகமாக வந்து சரக்கு இறக்கும் இடத்தை மூடியது. உப்புக் கொட்டும் மேட்டைப் பெருக்குவதற்கு முன்னால் தண்ணி தெளித்துப் புழுதியை அடக்குவது அவர்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வேலை. யாரும் சொல்லவில்லை, அவளாகத்தான் வாளியில் தண்ணி எடுத்து லாரி வரும் நேரமெல்லாம் தெளிக்க ஆரம்பித்தாள். ஸ்டோர் பார்த்துக்கொள்ளும் சாலமன்கூட, "இப்பத்தாம்மா மூச்சு விட முடியுது," என்று பாராட்டினார். பெட்டிகளை அந்த ஈரத் தரையிலேயே இறக்கி அடுக்கினார்கள். மதியத்துக்கு மேல் கடல் காற்று வேறு. அடி வரிசைப் பெட்டிகள் ராத்திரி முழுக்க ஊறியிருக்கின்றன.

"இன்னா அண்ணி, மூஞ்சி இப்பிடிப் போச்சு?"

"தண்ணி தெளிச்சது நான்தான்டி," என்றாள் தனக்கோடி.

அடுத்த நாள் காலையில் உப்பளத்தில் சண்டை. கலியபெருமாள் பலகையை வரப்பில் போட்டுவிட்டு ஏறி வந்தான்.

"உப்பு இல்லன்னு சொல்லு. அதோட நிறுத்து. தண்ணியப் பத்தி யாரு உன்னைக் கேட்டா? சாமான் அனுப்பறவன் ஈரப் பெட்டியில அனுப்பிட்டான்னு சொன்னா முடிஞ்சுபோச்சு."

"அனுப்பறவன் காஞ்ச பெட்டியிலதான அனுப்பறான். அவன் மேல ஏன் போடணும்?"

"அப்ப நீயே போய் என் மேல போடுங்கன்னு தலைய நீட்டுவியா? நாலு வருஷம் வேலை செஞ்சிருக்க. அந்தாளு நாளைக்கே உன்னை வெளிய அனுப்பிடுவான், தெரியுதா?"

"தெரியுது."

"தெரிஞ்சுமா?"

"யோவ், நம்ம சந்தியாவுக்கு டெங்கு வந்து புதுச்சேரி ஆஸ்பத்திரியில கெடந்துதே, ஞாபகம் இருக்குதா? நாலு நாள் அந்தக் குழாயப் பாத்துகினேதான உக்காந்திருந்தோம். சொட்டு சொட்டா எறங்கும்போது நீ எண்ணிகினே இருந்த. அதுல இன்னா கலந்து எறங்குதுன்னு நாம பாத்தோமா? எவனோ ஒருத்தன் நல்லா செஞ்சு அனுப்பியிருப்பான்னு நம்பித்தான உக்காந்திருந்தோம்? நான் வாய மூடிகினா நாளைக்கும் எவளாவது தண்ணி தெளிப்பா. மறுபடியும் துகள் வரும். அப்பவும் உப்பளத்து ஆளுங்கதான்னு சொல்லுவான்."

கலியபெருமாள் வரப்பில் போட்ட பலகையைத் திரும்பக் கையில் எடுத்தான். மகளின் பேரை எடுத்தால் அவனுக்குப் பேச்சு நின்றுவிடும். "அந்தக் கவர எடுத்துகினு போ. காட்டறதுக்கு ஏதாவது கையில இருக்கணும்," என்று மட்டும் சொன்னான்.

லேப்பில் பிரியதர்ஷினி மேடம் ஒருத்தி மட்டும்தான் இருந்தாள். முப்பது வயசிருக்கும், திண்டிவனத்துப் பெண், வேலைக்குச் சேர்ந்து ஆறு மாசம். தனக்கோடியும் திரௌபதியும் செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போன இரண்டாவது நிமிஷம், யாரோ சொல்லிக் கார்த்திகேசன் சாரும் வந்துவிட்டார். அவர் பின்னாலேயே ஏதோ ரிஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு சாலமனும்.

"உங்கள இங்க யாரு வரச் சொன்னாங்க?" என்றார் கார்த்திகேசன்.

"ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போயிடறோம் சார்," என்றாள் தனக்கோடி. "மேடம், குழாய தண்ணியிலதான அலசறீங்க?"

"ஆமாக்கா. சுத்திகரிச்ச தண்ணி."

"அந்தத் தண்ணிய வடிகட்டினதுலதான் வெள்ளையா நிக்குது?"

"ஆமா."

"அது உப்பா இருந்தா கரைஞ்சு தண்ணியோட போயிருக்காதா மேடம்?"

பிரியதர்ஷினி தனக்கோடியைப் பார்த்தாள். பிறகு கார்த்திகேசனைப் பார்த்தாள். அவளுடைய காது மடல் சிவந்தது.

"சார், உப்புன்னு யாரு சொன்னது? நான் ரிப்போர்ட்ல அடையாளம் தெரியாத வெள்ளைத் துகள்னுதான் எழுதினேன். இவங்கள அதுக்காகத்தான் வெளிய போட்டீங்களா?"

கார்த்திகேசன் சட்டைப்பையில் பேனாவைத் தேடினார். பேனா அவர் கையிலேயே இருந்தது.

"உப்பு இல்லன்னா வேற இன்னா?" என்றார் கடைசியில்.

தனக்கோடி இதற்குத்தான் காத்திருந்தாள். முந்தானையில் மடித்து வைத்திருந்த கவரை எடுத்து மேசையில் விரித்தாள். பிரியதர்ஷினி ஒரு ஏட்டை ஊசிமுனையால் எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தாள். பழைய சாம்பிள் தாளைப் பக்கத்தில் வைத்து மாற்றி மாற்றிப் பார்த்தாள். தலையை நிமிர்த்தாமலேயே, "நார் நாரா இருக்கு. ரெண்டும் ஒண்ணுதான். அட்டை," என்றாள்.

திரௌபதிக்கு அங்கேயே கை தட்ட வேண்டும் போலிருந்தது. தனக்கோடி அவள் கையைப் பிடித்து அமுக்கினாள்.

"பெட்டி அடியில ஈரம் ஏறினதாலதான் அட்டை கவர்ல ஒட்டிக்கிச்சு சார். ஈரம் ஏன் ஏறிச்சுன்னா, லாரி எறக்கற எடத்துல புழுதி அடங்கட்டும்னு தண்ணி தெளிச்சாங்க. தெளிச்சது நான்தான். யாரும் சொல்லல, நானாதான் தெளிச்சேன். ஆடி மாசத்துலேருந்து."

கார்த்திகேசனின் முகத்தில் மெதுவாகத் தெம்பு திரும்பி வந்தது.

"அப்ப தப்பு உன் தப்புதான? ரெண்டு மாசத்து சரக்கு வெளிய அனுப்ப முடியாம சிவப்பு டேப் சுத்திக் கெடக்குது. திங்கக்கெழமை வாங்கறவங்க வந்து பாக்கப் போறாங்க. கடைசியில உன்னாலதான்."

"என்னாலதான் சார். என்னை நிறுத்துங்க. ஆனா உடம்புல உப்பு ஒட்டியிருக்குதுன்னு ஆறு பேர என்கூட நிறுத்தி வச்சிருக்கீங்களே, அவங்க இன்னா செஞ்சாங்க? அவங்கள உள்ள விடுங்க. கேட்டுல வச்சு எல்லாரும் கேக்கத்தான சொன்னீங்க. உப்பு இல்லன்றதையும் கேட்டுல வச்சே சொல்லுங்க."

ரிஜிஸ்டரோடு கதவோரம் நின்ற சாலமன் தொண்டையைச் செருமினார். "சார், தண்ணி தெளிக்கறத நான் தினம் பாத்தேன். நல்லாருக்குன்னுகூட சொன்னேன். நிறுத்தறதுன்னா என்னையும் சேத்து நிறுத்துங்க."

"தண்ணி தெளிக்கக் கூடாது, பெட்டி தரையில படக் கூடாதுன்னு நம்ம எழுதி வச்ச முறையில எங்கயும் இல்ல சார்," என்றாள் பிரியதர்ஷினி. "நாப்பது பக்கம் இருக்கு, இந்த ஒரு வரி இல்ல. அது நான் பாத்திருக்க வேண்டியது. யாரையும் இப்ப நிறுத்த முடியாது. நிறுத்தினா திங்கக்கெழமைக்குள்ள இத யாரு சரி பண்ணுவா? நீங்களா, நானா?" பிறகு தனக்கோடி பக்கம் திரும்பினாள். "அக்கா, மூணு நாள் இருக்கு. இன்னா செய்யலாம், சொல்லுங்க."

தனக்கோடியிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. கேட்பார்கள் என்று அவள் எதிர்பார்த்ததும் இல்லை. ஆனால் ராத்திரி தூங்காமல் யோசித்து வைத்திருந்தாள், வரிசையாகச் சொன்னாள்.

அந்த மூன்று நாளும் உரிக்கிற ரூம் கல்யாண வீடாக இருந்தது. ஏழு பேரும் மேலும் கீழும் ஓடினார்கள். வாளி ஒழிந்தது. லாரி இறக்கும் இடத்தைப் பெருக்கக் கூடாது, உறிஞ்சும் மெஷின்தான் என்று சாலமன் எங்கிருந்தோ ஒன்றைக் கொண்டுவந்தார். பெட்டி தரையைத் தொடக் கூடாது, பேலட் என்கிற பிளாஸ்டிக் பலகை மேல்தான். அடியைத் தடவிப் பார்த்து ஈரம் தட்டினால் அந்தப் பெட்டி அப்படியே திரும்பிப் போகும். கத்தியை ஆழமாக இறக்காமல் டேப்பை மட்டும் கீற வேண்டும்.

கவரைத் துடைப்பதில்தான் தனக்கோடி எல்லாரையும் வதைத்தாள். ஒரு பக்கமாக ஒரே இழுப்பு, போய் வந்து தேய்க்கக் கூடாது, துணியின் ஒரு மடிப்புக்கு ஒரு இழுப்புதான். துடைத்ததும் அலமாரியில் வைக்க விடவில்லை. கறுப்புத் துணி விரித்த மேசையில் வைத்து, காயும்வரை நிற்கச் சொன்னாள். காய்ந்த பிறகு டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். காலை வெயில் சாய்வாக விழும்போதுதான் பாத்தியில் உப்புப் பூத்திருப்பது தெரியும், உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாது. டார்ச்சும் அப்படித்தான். மங்கலாக ஒரு திட்டு தெரிந்தாலும் மறுபடி துடை, மறுபடி காய விடு.

"இப்பிடிப் பாத்தா ஒரு நாளைக்குப் பாதிப் பெட்டிகூட உள்ள போகாது," என்று கார்த்திகேசன் கதவிலிருந்து சொன்னார்.

"போகாததே நல்லது சார். போனதுதான சிவப்பு டேப்போட கெடக்குது?" என்றாள் திரௌபதி, கிளீன் ரூம் கவுனைப் போட்டுக்கொண்டே. சார் போய்விட்டார்.

கவர் வாயைத் திறப்பதற்கும் ஒரு வழி சொன்னாள் தனக்கோடி. உப்பு மூட்டை பிரிக்கும்போது சாக்கின் வாயை வெளிப்பக்கமாக ஒரு முழம் சுருட்டி மடித்து விடுவார்கள், வாயில் இருக்கும் அழுக்கு உப்பில் விழாமல் அந்த மடிப்புக்குள்ளேயே அடங்கிவிடும். வெளிக்கவரையும் அதேபோலச் சுருட்டி இறக்கினால், அழுக்குப் பக்கம் அழுக்கோடு சுருண்டுகொள்ளும், உள்கவர் கை படாமல் எழும்பி வரும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கையை ஆட்டி ஆட்டிக் காட்டினாள். அந்தப் பக்கம் திரௌபதி இரண்டு தடவை தப்பாகச் செய்து, மூன்றாவது தடவை சரியாகச் செய்து, கட்டைவிரலைத் தூக்கினாள். நாலு வருஷத்தில் அந்தச் சுவர் வழியாக அவர்கள் பேசின முதல் பேச்சு அது.

வெள்ளிக்கிழமை மதியம் கடல் காற்று திரும்பி, வானம் கறுத்து, பெருமுக்கல் மலைப் பக்கம் இடித்தது. சாலமன் ஓடிப்போய் ஷட்டரை இறக்கினார். மழை கால் மணி நேரம் வெளுத்து வாங்கியது. பேலட் மேல் இருந்த பெட்டி ஒன்றுகூட நனையவில்லை. தனக்கோடி ஒவ்வொன்றாக அடியைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் டீ குடிக்கப் போனாள்.

சனிக்கிழமை நாலு மணிக்கு லேப்பிலிருந்து கூப்பிட்டார்கள். அவளை மட்டும்தான் கூப்பிட்டார்கள், ஏழு பேரும் போனார்கள். கார்த்திகேசன் சார் முன்னமே அங்கே நின்றிருந்தார். பிரியதர்ஷினி ஒன்றும் சொல்லாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காந்து பாருங்கக்கா," என்றாள்.

தனக்கோடி முன்பின் மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்ததில்லை. முதலில் தன் இமை மயிரே தெரிந்தது. பிறகு ஒரு கறுப்பு வட்டம், அதில் வெள்ளைக் கோடுகளால் கட்டம் கட்டமாகப் பாத்தி கட்டியிருந்தது. பிரியதர்ஷினி ஒரு திருகைத் திருப்பத் திருப்ப ஒவ்வொரு கட்டமாக நகர்ந்தது. ஒரு கட்டத்திலும் ஒன்றும் இல்லை. தான் பார்க்கத் தெரியாமல் பார்க்கிறோமோ என்று பயம் வந்துவிட்டது அவளுக்கு.

"ஒண்ணுமே தெரியலயே மேடம்?"

"அதான்க்கா," என்றாள் பிரியதர்ஷினி. "காலையிலேருந்து எட்டு சாம்பிள் பாத்துட்டேன். ஒண்ணுமே தெரியல."

பின்னால் நின்ற ஆறு பேரும் போட்ட சத்தத்தில் செக்யூரிட்டி ஓடி வந்தான். திரௌபதி அண்ணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். சத்தம் அடங்கும்வரை கார்த்திகேசன் பொறுத்திருந்தார்.

"திங்கக்கெழமை காலையில கேட்டுல சொல்லிடறேன்," என்றார். "தப்பா சொல்லிட்டேன்மா."

சொன்னபடி சொன்னார். செக்யூரிட்டி கேட்க, டிரைவர் கேட்க, திண்டிவனத்துப் பெண்கள் கேட்கச் சொன்னார். கொஞ்சம் மெதுவாகத்தான் சொன்னார். "சார், பின்னால நிக்கறவங்களுக்குக் கேக்கல," என்றாள் திரௌபதி. இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னார். அன்றைக்குச் சரக்கு வாங்குகிறவர்கள் வந்து உரிக்கிற ரூமில் ஒரு மணி நேரம் நின்றார்கள். அந்த டார்ச்சைத் தாங்களே வாங்கிச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தார்கள். போகும்போது கறுப்புத் துணி மேசையைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். சாயங்காலம் சுவரில் புது முறை ஒட்டினார்கள். துடைத்தபின் காயும்வரை காத்திருந்து பார்க்கவும் என்ற வரி நடுவில் தடித்த எழுத்தில் இருந்தது. கீழே, தயாரித்தவர்கள் என்ற இடத்தில், பிரியதர்ஷினிக்குப் பக்கத்தில் க. தனக்கோடி என்று இருந்தது.

ஆனால் அது திங்கட்கிழமை. சனிக்கிழமை சாயங்காலம் வேனிலிருந்து இறங்கி அவள் நேராக வீட்டுக்குப் போகாமல் உப்பளத்துக்குப் போனாள். நேற்றைய மழையில் கரைந்தது போக மிச்சத்தை அம்பாரமாக்கிக் கீற்றால் மூடிக்கொண்டிருந்தான் கலியபெருமாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த சந்தியா கீற்றைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அனுமந்தையிலிருந்து மீன்காரி கொண்டுவந்த மத்தி மீன் ஒரு கூறு வரப்பில் பொட்டலமாக இருந்தது. தூரத்தில் அவளும் திரௌபதியும் வருவதைப் பார்த்ததும் அவன் கயிற்றை விட்டுவிட்டு நின்றான். நடையை வைத்தே கண்டுபிடிக்கப் பார்த்தான், முடியவில்லை.

"இன்னாச்சு?" என்று அங்கிருந்தே கத்தினான். "மைக்ரோஸ்கோப்புல வச்சுப் பாத்தாங்களா? இன்னா தெரிஞ்சுதாம்?"

தனக்கோடி வரப்பின் மேல் ஏறி நின்றாள். பக்கத்துப் பாத்தி, அதற்குப் பக்கத்துப் பாத்தி, உப்பளத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, இரண்டு கையையும் வாயருகில் குவித்துக்கொண்டு சொன்னாள்.

"ஒண்ணுமே தெரியலய்யா! ஒண்ணுமே தெரியல!"